ஒவ்வொரு படியிலும் லாபம், ஐம்பதாயிரமாவது படியில் சாவு: ஆயுள் பேரப் புதிரில் எங்கே நிற்பது?

#1 · கணக்குப்பிள்ளை

செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் எலியேசர் யுட்கோவ்ஸ்கி 2009-இல் முன்வைத்த புதிர். அவர் தந்த வடிவத்தில் எண்கள் அசுரத்தனமானவை: தொடக்கத்திலேயே 10^(10^10) ஆண்டுகள் வாழ 80% வாய்ப்பு. ஒவ்வொரு பேரத்திலும் அந்த வாய்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ஆயுள் கற்பனைக்கு எட்டாத அளவு பெருகும். கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக, இந்த இழைக்கு எண்களைச் சுருக்கிக்கொள்வோம்.

தொடக்கச் சீட்டு: 80% வாய்ப்பில் 100 ஆண்டு நல்வாழ்வு, 20% வாய்ப்பில் உடனே மரணம்.
ஒரு படி: ஆயுள் 10 மடங்காகும், வாய்ப்பு 0.999 மடங்காகும்.
விதி: எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். இறங்க முடியாது. குலுக்கல் ஒரே ஒரு முறை, நீங்கள் "போதும்" என்று சொன்ன பிறகு.

கடைசி விதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு படியிலும் குலுக்கிப் பார்ப்பதில்லை. 400 படி ஏறியவர் 400 முறை பிழைத்தவர் அல்லர். கையில் உள்ள சீட்டை 400 முறை மாற்றியவர், அவ்வளவுதான்.

முதல் படி: 1,000 ஆண்டு, 79.92%. வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆண்டுகளின் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது ஆண்டுகளை வாய்ப்பால் பெருக்கினால் வருவது, 80-இலிருந்து 799.2 ஆகிறது. ஒவ்வொரு படியும் அதே 9.99 மடங்குதான். ஆனால்:

693 படியில் வாய்ப்பு 40%
2,302 படியில் 8%
13,809 படியில் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே
50,000 படியில் ஏறக்குறைய 1.5 × 10^-22

ஐம்பதாயிரமாவது படியில் நிற்பவர் செத்தவருக்குச் சமம். அவர் ஏறிய எந்தப் படியிலும் கணக்குப் பிழை இல்லை. எந்தப் படியை, என்ன காரணம் சொல்லி மறுப்பது? "ஏதோ ஒரு இடத்தில் நிறுத்திவிடுவேன்" என்பது பதிலாகாது. படியெண்ணும் வேண்டும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் வேண்டும்.

#2 · புதுவரவு

இது சென்ட் பீட்டர்ஸ்பர்க் புதிர்தானே? தலை விழும்வரை நாணயத்தைச் சுண்டு, ஒவ்வொரு முறை சுண்டும்போதும் பரிசு இரட்டிப்பு என்ற ஆட்டம். பணம் கூடக்கூட மனத்திருப்தி மெதுவாகவே கூடும் என்று டேனியல் பெர்னூலி மடக்கை போட்டு 18-ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவிட்டாரே. இதில் புதிதாக என்ன இருக்கிறது?

#3 · மடக்கை

உறவு உண்டு, அதுவே இது இல்லை. நிக்கோலஸ் பெர்னூலி 1713-இல் மோன்மோருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது ஒரே ஆட்டத்தைப் பற்றி. அதன் எதிர்பார்ப்பு மதிப்பே முடிவிலி. இங்கே எந்தப் படியிலும் முடிவிலி கிடையாது. எல்லாம் முடிவுள்ள எண்கள், எல்லாம் முறையான ஒப்பீடுகள். அதனால்தான் இது அதைவிடச் சங்கடமானது: "முடிவிலியோடு கணக்குப் போடாதே" என்று தப்பிக்க வழியில்லை.

டேனியல் பெர்னூலியின் 1738 தீர்வை இங்கே போட்டுப் பார்க்கலாம். பத்தின் அடிமான மடக்கை எடுத்தால் ஆயுளின் பயன் என்பது 1-க்குப் பின்னால் உள்ள பூஜ்யங்களின் எண்ணிக்கை. 100 ஆண்டுக்கு 2, 1,000 ஆண்டுக்கு 3. ஒரு படி ஏறினால் ஒரு பூஜ்யம் கூடுகிறது, வாய்ப்பு 0.999 மடங்காகிறது. இப்போது உங்களிடம் 10 பூஜ்யம் இருந்தால் 11 × 0.999 = 10.989, ஏறலாம். 500 இருந்தால் 501 × 0.999 = 500.499, ஏறலாம். 999 இருந்தால் 1000 × 0.999 = 999, சரிசமம். அங்கே நிற்கிறீர்கள். தொடக்கத்திலேயே 2 பூஜ்யம் இருந்ததால் ஏறியது 997 படி, கையில் உள்ள வாய்ப்பு ஏறக்குறைய 29.5%.

கணக்குப்பிள்ளை கேட்ட படியெண்ணும் காரணமும் கிடைத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் 80%-ஐ 29.5% ஆக்கிக்கொள்வது நிதானமான முடிவா என்பது ஒரு பக்கம். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பேரம் பேசுபவன் 10 மடங்கோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பூஜ்யங்களையே இரட்டிப்பாக்குகிறேன் என்பான்: 100, பிறகு 10,000, பிறகு 10 கோடி. இப்போது மடக்கைக்காரருக்கும் ஒவ்வொரு படியும் 2 × 0.999 = 1.998 மடங்கு லாபம். அவரும் ஐம்பதாயிரம் படி ஏறுவார்.

இதைப் பொதுவாகச் சொன்னவர் கார்ல் மெங்கர், 1934-இல். பயன்பாட்டுச் சார்புக்கு (எவ்வளவு கிடைத்தால் எவ்வளவு பயன் என்று சொல்லும் சூத்திரத்துக்கு) உச்சவரம்பு இல்லாவிட்டால், அது எவ்வளவு மெதுவாக ஏறினாலும், அதற்கேற்ற பேரத்தைத் தைத்துக் கொடுக்க முடியும். மடக்கையின் மடக்கை எடுத்தாலும் அதே கதிதான். காப்ரியேல் கிராமர் 1728-இலேயே வர்க்கமூலம் ஒரு யோசனை, 2^24-க்கு மேல் பணத்துக்குக் கூடுதல் மதிப்பில்லை என்பது இன்னொரு யோசனை என்று இரண்டு சொன்னார். முதலாவது மெங்கரிடம் தோற்கும். இரண்டாவது தோற்காது. அதை அப்புறம் பார்ப்போம்.

#4 · தாயக்கட்டை

மடக்கை என்றதும் கெல்லி நினைவுக்கு வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தயத்தில் கையிருப்பில் எவ்வளவு வைப்பது என்று சொல்லும் ஜான் கெல்லியின் 1956 விதிக்கும் பெர்னூலிக்கும் சூத்திரம் ஒன்று, காரணம் வேறு. கெல்லியில் மடக்கை வருவது மனத்திருப்தியால் அல்ல. அதே பணத்தைத் திரும்பத் திரும்பப் பந்தயத்தில் வைப்பதால். 51-49 வாய்ப்பில் இரட்டிப்பு அல்லது பூஜ்யம் என்ற ஆட்டத்தில் கெல்லி சொல்வது: ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 2% மட்டும் வை.

2022 மார்ச்சில் பொருளியலாளர் டைலர் கோவன் தன் பேட்டியில் சாம் பேங்க்மன்-ஃப்ரீடிடம் கேட்டது ஏறக்குறைய இந்த இழையின் கேள்விதான்: 51% வாய்ப்பில் இன்னொரு பூமி கிடைக்கும், 49% வாய்ப்பில் எல்லாம் அழியும், திரும்பத் திரும்ப ஆடுவீர்களா? சில நிபந்தனைகளோடு ஆடுவேன் என்ற பக்கமே நின்றார். பத்து முறை ஆடினால் எதிர்பார்ப்பு மதிப்பு 1.219 மடங்கு, எல்லாம் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.12%. அந்த ஆண்டு நவம்பரிலேயே அவருடைய கிரிப்டோ நாணயச் சந்தையான எஃப்.டி.எக்ஸ் திவாலானது என்பது தற்செயலா இல்லையா என்று இங்கே சண்டை போட வேண்டாம்.

ஆயுள் பேரத்தில் கெல்லிக்கு வேலையில்லை. பாதிச் சீட்டை ஒதுக்கி வைக்க முடியாது, குலுக்கலும் ஒரே முறை.

#5 · நடைபாதை

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். படிப்படியாக முடிவெடுப்பதுதான் நோய். ஏறும் முன்பே ஒரு எண்ணைத் தீர்மானித்துவிடுங்கள். 20 படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருபத்தொன்றாவது படியில் எவ்வளவு ஆசை காட்டினாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். சபலம் என்பது அந்தந்த நேரத்தில் வருவது. திட்டம் என்பது முழுவதையும் பார்ப்பது.

#6 · எதிர்வாதி

இந்தப் பதில் வேலை செய்யும் புதிர்கள் உண்டு. இந்தப் புதிரில் மட்டும் செய்யாது. ஒன்றுபோலத் தெரியும் மூன்று சரக்குகளைப் பிரித்து வைத்தால்தான் இது புரியும்.

ஜான் போலாக் 1983-இல் சொன்ன மது. நாளாக நாளாகச் சுவை கூடிக்கொண்டே போகும் புட்டி, சாகாவரம் பெற்ற மனிதர். இன்று திறப்பதைவிட நாளை திறப்பது மேல். இப்படியே போனால் திறக்கவே மாட்டார். இங்கே கோளாறு முடிவிலியில்: மிகச் சிறந்த நாள் என்று ஒன்று கிடையாது. நீங்கள் சொல்லும் மருந்து இதற்குச் சரி. ஏதாவது ஒரு நாளைக் குறித்துத் திறந்துவிட வேண்டியதுதான். அதைவிட மேலான நாள் இருக்கும், இருக்கட்டும். அர்ன்ட்சீனியஸ், எல்கா, ஹாதார்ன் மூவரும் 2004-இல் எழுதிய சாத்தானின் ஆப்பிளும் இந்த வகை. ஆப்பிளை முடிவிலித் துண்டுகளாக்கி வைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தின்பது மேல். முடிவிலித் துண்டுகளைத் தின்றால் ஏவாளுக்குத் தோட்டத்தில் இடமில்லை. தன்னைத் தானே கட்டிப்போட முடிந்தவள் பிழைப்பாள் என்பதுதான் அவர்கள் முடிவு. முடியாதவளைப் பகுத்தறிவற்றவள் என்று சொல்லவும் அவர்கள் தயாரில்லை.

அடுத்தது வாரன் குவின் 1990-இல் எழுதிய சுயவதைக்காரர். உடலில் பொருத்திய மின்கருவியில் 0 முதல் 1000 வரை அளவுகள். வாரத்துக்கு ஒரு அளவு ஏற்றினால் 10,000 டாலர். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு வலி வித்தியாசம் தெரியாது. இறக்க முடியாது. ஆயிரத்தில் நிற்கும்போது ஒரு கோடி டாலரையும் கொடுத்துவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பத் துடிப்பார். இங்கே முடிவிலி இல்லை. கோளாறு விருப்பங்களின் வரிசையில்: பக்கத்துப் படிகளை ஒப்பிடும்போது ஒரு தீர்ப்பு, தொலைவுப் படிகளை ஒப்பிடும்போது நேரெதிர்த் தீர்ப்பு. அ-வைவிட ஆ மேல், ஆ-வைவிட இ மேல் என்றால் அ-வைவிட இ மேல் என்பதைக் கணிதப் பாடத்தில் கடப்பு உறவு என்பார்களே, அது உடைகிறது. குவினும் உங்கள் மருந்தையே தருகிறார்: நியாயமான ஒரு நிறுத்தத்தை முன்பே தேர்ந்து அதிலேயே நில்.

இப்போது ஆயுள் பேரம். எதிர்பார்ப்பு மதிப்பைப் பெருக்குபவரிடம் போய், "படிப்படியாக யோசிக்காதே, 50,000 படிகளையும் ஒரே பட்டியலாக எடுத்து மிகச் சிறந்த திட்டத்தைத் தேர்ந்தெடு" என்று சொல்லுங்கள். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? ஐம்பதாயிரத்தை. பக்கத்துப் படியோ தொலைவுப் படியோ, அவர் தீர்ப்பு மாறுவதே இல்லை. 0-க்கும் 50,000-க்கும் நேரடியாக ஒப்பிட்டாலும் 50,000 என்பார். அவர் சபலத்துக்கு ஆளாகவில்லை. திட்டமிட்டே சாகிறார். நீங்கள் கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தில் 20 என்று எழுத அவரிடம் காரணமே இல்லை.

ஆகவே மன உறுதி இதற்கு மருந்தல்ல. எதை மதிக்கிறோம் என்பதில்தான் கை வைக்க வேண்டும்.

#7 · நடைபாதை

சரி. ஆனால் முடிவிலிப் படிகள் தந்தால்? அப்போது உங்கள் ஆளும் போலாக்கின் மதுக்குடிகாரரைப் போல மாட்டிக்கொள்வார்தானே?

#8 · எதிர்வாதி

ஆம், அப்போது இரண்டு நோயும் சேர்ந்து வரும். அதனால்தான் 50,000 என்று வரம்பு வைத்துப் பேசுவது நல்லது. வரம்பு வைத்த பிறகும் நிற்கும் நோய்தான் இந்தப் புதிருக்குச் சொந்தமானது.

#9 · வரிசை_நிரல்

சில நடைமுறைக் குறிப்புகள், இதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு.

ஆயுளை நேரடியாக ஒரு நெடுவரிசையில் 10-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் முந்நூறு படிகளைத் தாண்டியதும் விரிதாள் பிழை காட்டும். இரட்டைத் துல்லிய எண்களின் உச்சம் 10^308 அளவில்தான். மடக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆயுளுக்கு ஒவ்வொரு படியிலும் 1 கூட்டு, வாய்ப்புக்கு 0.000434512 கழி. ஒப்பீட்டுக்குக் கூட்டுத்தொகை போதும்.

சிமுலேஷன் ஓட்டி எதிர்பார்ப்பு மதிப்பைச் சரிபார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 20,000 படியில் வாய்ப்பு 1.6 × 10^-9 அளவு. பத்து லட்சம் முறை ஓட்டினால் ஒருவராவது பிழைப்பதற்கான வாய்ப்பு 0.2 சதவீதம்கூட இல்லை. ஆக, சராசரி ஆயுள் 0 என்று திரையில் வரும். "பார்த்தீர்களா, எதிர்பார்ப்பு மதிப்பு பொய்" என்று ஒருவர் எழுதுவார். பொய் இல்லை. அந்தச் சராசரியின் முழு எடையும் உங்கள் மாதிரிக்குள் வராத ஒரு நிகழ்வில் இருக்கிறது.

அதையே தீர்வாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மிகச் சிறிய வாய்ப்புகளைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொண்டால் என்ன? பூஃபோன் 1777-இல் பத்தாயிரத்தில் ஒன்று என்று கோடு போட்டார்: 56 வயது ஆள் அடுத்த 24 மணி நேரத்தில் சாகும் வாய்ப்பு அவ்வளவு, அதற்கு யாரும் அஞ்சுவதில்லை, ஆகவே அதற்குக் கீழே உள்ளதெல்லாம் பூஜ்யம் என்று. எமில் போரெல் மனித அளவில் 10^-6 என்றார். இது போதுமே?

#10 · மடக்கை

கோடு எங்கே விழுகிறது என்று போட்டுப் பாருங்கள். 0.8-ஐ 0.999-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்குவது 8,983-ஆவது படியில். ஆக பூஃபோனின் சீடர் 8,982 படிகள் மகிழ்ச்சியாக ஏறி, 80% வாய்ப்பை 0.01% ஆக்கிக்கொண்டு அங்கே நிற்பார். போரெல் கோட்டை எடுத்தால் 13,585 படிகள். கோடு கிணற்றின் அடியில் போடப்பட்டிருக்கிறது, விழுவதைத் தடுக்காது.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று உண்டு. சிறிய வாய்ப்புகளைப் பூஜ்யம் என்பவர், இழப்பையும் அதே கோலால் அளந்தால்? ஒரு படியில் இழப்பது கையில் உள்ள வாய்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2,079-ஆவது படியில் வாய்ப்பு 10%-க்குக் கீழே போகிறது. அதன் பிறகு ஒவ்வொரு படியின் இழப்பும் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு, அதாவது பூஜ்யம், அதாவது இலவசம். யுட்கோவ்ஸ்கியின் மூல எண்களில் முதல் படியின் இழப்பே ஒரு கோடியில் 8 பங்குதான். அங்கே பூஃபோன் விதி முதல் படியிலிருந்தே "இழப்பே இல்லை, ஏறு" என்று தள்ளிவிடும். பாதுகாப்புக்கு வைத்த விதி முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.

மூன்றாவது குறை, நிகழ்வை எப்படித் துண்டு போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுவது. ஆயிரத்தில் ஒன்று வாய்ப்புள்ள ஆபத்தைப் பதினோரு தனித்தனி ஆபத்துகளாக எழுதினால் ஒவ்வொன்றும் கோட்டுக்குக் கீழே போய் மொத்தமும் மறைந்துவிடும். காப்பீட்டு நிறுவனம் இப்படிக் கணக்கு எழுதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

#11 · கணக்குப்பிள்ளை

அப்படியானால் மிச்சம் இருப்பது உச்சவரம்பு. கிராமரின் இரண்டாவது யோசனையின் வழிதான். எண்ணோடு பார்ப்போம்.

ஆயுள் ÷ (ஆயுள் + 1000) என்று ஒரு பயன்பாட்டுச் சார்பு. ஆயுள் எவ்வளவு ஏறினாலும் பயன் 1-ஐத் தொடாது. அந்த 1000 எங்கிருந்து வந்தது என்றால், உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டு எடுக்க வேண்டியது: "எத்தனை ஆண்டு உறுதியான வாழ்வும், 50% வாய்ப்பில் முடிவற்ற வாழ்வும் எனக்குச் சமம்?" விடை 1,000 ஆண்டு என்றால் அதுவே சூத்திரத்தின் எண். 200 என்றால் 200 போடுங்கள்.

100 ஆண்டு → 0.0909
1,000 → 0.5
10,000 → 0.9091
1,00,000 → 0.9901
10,00,000 → 0.9990
1,00,00,000 → 0.9999

ஒரு படி ஏற வேண்டுமானால் பயன் குறைந்தது 1.001001 மடங்காக வேண்டும், அதாவது 1 ÷ 0.999. முதல் நான்கு படிகளில் அது நடக்கிறது. நான்காவதில், ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கு, 1.009 மடங்கு. ஐந்தாவதில், பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு, 1.0009 மடங்குதான். நிற்கிறோம். விடை: 4 படிகள், பத்து லட்சம் ஆண்டு, வாய்ப்பு 79.68%.

பொது விதியாக வேண்டுமானால்: 10 மடங்குக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற பேரத்தில், ஆயுள் உங்கள் அடிப்படை எண்ணைப்போல் ஏறக்குறைய 900 மடங்கைத் தாண்டியதும் நில். பேரம் பேசுபவன் பூஜ்யங்களை இரட்டிப்பாக்கினாலும், அடுக்குக்குமேல் அடுக்கு வைத்தாலும் அசையாது. மெங்கரின் ஓட்டை அடைபட்டது. இதே சார்பை யுட்கோவ்ஸ்கியின் மூலப் புதிரில் போட்டால் முதல் பேரத்தையே மறுக்கும், ஏனென்றால் 10^(10^10) ஆண்டிலேயே பயன் 1-ஐ ஒட்டிவிட்டது.

இது வெறும் ஒட்டுப்போடும் வேலையும் அல்ல. பகுத்தறிவோடு முடிவெடுப்பதற்கென்று சாவேஜ் 1954-இல் வகுத்த அடிகோள்களை (அடிப்படை விதிகளை) முழுதாக ஏற்றால் பயன்பாட்டுச் சார்புக்கு உச்சவரம்பு வந்தே தீரும் என்று ஃபிஷ்பர்ன் 1970-இல் காட்டினார். வரம்பற்ற பயனைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறார்கள்.

#12 · எதிர்வாதி

விலையைச் சொல்லாமல் சரக்கை விற்கிறீர்கள். பெக்ஸ்டெட், தாமஸ் இருவரும் இந்தப் புதிரின் நெருங்கிய உறவை ஆராய்ந்து மூன்று கதவுகளை வைத்தார்கள்: வெறித்துணிவு (பெரும் பரிசுக்காக எவ்வளவு சிறிய வாய்ப்பையும் எடுப்பது), அச்சம் (எவ்வளவு பெரிய பரிசு தந்தாலும் சிறு ஆபத்தை மறுப்பது), கடப்பு உறவைக் கைவிடுதல். மூன்றில் ஒன்றில் நுழைந்தே ஆக வேண்டும். நீங்கள் நுழைந்தது இரண்டாவது.

உங்கள் சூத்திரத்தின்படியே: பத்து லட்சம் ஆண்டில் பயன் 0.999001. முடிவற்ற வாழ்வின் பயன் 1. விகிதம் 1.001. தேவை 1.001001. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு ஆபத்துக்கு ஈடாக நித்திய வாழ்வையே தட்டில் வைத்து நீட்டினாலும் உங்கள் ஆள் "வேண்டாம்" என்பார். ஒரு கோடி ஆண்டு வேண்டாம் என்றது சரி. எவ்வளவு தந்தாலும் வேண்டாம் என்பதும் சரிதானா?

துன்பத்தின் பக்கம் திருப்புங்கள், இன்னும் விகாரமாகும். அதே சார்புக்கு எதிர்க்குறி போட்டு வேதனையை அளப்போம். பத்து லட்சம் ஆண்டு வேதனை உறுதி என்று ஒரு பக்கம், பயன் -0.999001. மறுபக்கம், 0.11% வாய்ப்பில் முழு விடுதலை, இல்லாவிட்டால் 10^100 ஆண்டு வேதனை. பயன் ஏறக்குறைய -0.9989. உங்கள் ஆள் இரண்டாவதை எடுப்பார். இன்பத்தில் கோழை, துன்பத்தில் சூதாடி.

ஒருவர் ஆயுளை விட்டு எல்லாருடைய நலனையும் கூட்டி அதற்கு உச்சவரம்பு வைத்தால் இன்னொரு வினோதம் வரும். வரம்பை எவ்வளவு நெருங்கியிருக்கிறோம் என்பது இதுவரை உலகில் சேர்ந்த மொத்த நலனைப் பொறுத்தது. ஆக, இன்று ஒரு தடுப்பூசித் திட்டத்தில் எவ்வளவு துணியலாம் என்று முடிவெடுக்கும் முன் பழைய எகிப்தில் எத்தனை பேர் எவ்வளவு மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

#13 · கணக்குப்பிள்ளை

எகிப்து வாதம் கூட்டுநலனுக்குப் பொருந்தும், ஒருவர் ஆயுளுக்குப் பொருந்தாது. ஆயுளுக்கு உச்சவரம்பு வைக்கத் தனிக் காரணமும் உண்டு: மூளையின் நிலைகள் எண்ணிக்கையில் முடிவுள்ளவை. போதுமான அளவு நீண்ட வாழ்வில் அனுபவங்கள் அச்சு அசலாகத் திரும்ப வந்தே தீரும். அதே வாழ்வின் பத்தாவது நகலுக்கு முழு மதிப்புப் போட வேண்டும் என்று என்ன கட்டாயம்? துன்ப வாதம் உறைக்கிறது, மறுக்கவில்லை. துன்பத்தின் பக்கம் திரும்ப வருவதை இப்படித் தள்ளுபடி செய்ய மனம் ஒப்பவில்லை. இரு பக்கமும் ஒரே சார்பைப் போட வேண்டியதில்லை என்பது வரைதான் இப்போதைக்கு என் பதில்.

#14 · புதுவரவு

நடுவில் ஒரு சாதாரணக் கேள்வி. எவனோ ஒருவன் 10^1000 ஆண்டு தருகிறேன் என்றால் நான் ஏன் நம்ப வேண்டும்? பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி ஆண்டு. ஒன்பதாவது படியிலேயே அவன் சொல்வது 10,000 கோடி ஆண்டு.

#15 · தாயக்கட்டை

நடைமுறையில் இதுதான் மிகச் சரியான பதில். வாக்குறுதி பெரிதாகப் பெரிதாக நம்பிக்கை குறைய வேண்டும். 10 மடங்கு வாக்குறுதிக்கு நம்பிக்கை 10-இல் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் படி ஏறுவதில் லாபமே இல்லை. நிக் போஸ்ட்ரோம் 2009-இல் எழுதிய ‘பாஸ்கலிடம் வழிப்பறி’ உரையாடலில் சிக்கலே இதுதான்: கத்திகூட இல்லாத திருடன், வாக்குறுதியை மட்டும் ஊதிக்கொண்டே போகிறான். "எவ்வளவு தந்தாலும் போதாது" என்று நம்பிக்கையைக் குறைக்கத் தெரியாதவர் பணப்பையைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் ஆயுள் பேரத்தில் 0.999 என்பது நம்பிக்கை உட்பட எல்லாம் கழித்த பிறகு வந்த எண் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதை மறுத்தால் புதிர் தீராது, விலகும்.

#16 · வரிசை_நிரல்

மூன்றாவது கதவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு படியும் மேல்தான், ஆனால் 50,000 கீழ்தான் என்று இரண்டையும் ஒப்புக்கொண்டால் என்ன நட்டம்? 1955-இல் டேவிட்சன், மெக்கின்சி, சப்ஸ் சொன்ன பணம் பிடுங்கும் வாதம் தெரியும்: வட்டமாகச் சுற்றவைத்து ஒவ்வொரு சுற்றிலும் காசு கறப்பது. ஆனால் இங்கே இறங்க முடியாது என்பது விதி. வட்டம் முழுமை பெறாது, கறக்கவும் முடியாது.

#17 · எதிர்வாதி

கறக்க முடியாது, சரி. ஆனால் எங்கே நிற்பது என்ற விடையும் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை. எந்தப் படியில் நின்றாலும் அதைவிட மேலான ஒன்று பட்டியலில் இருக்கும். நடைபாதை சொன்ன முன்கூட்டிய உறுதி இங்கேதான் வேலைக்கு வரும்: குவினின் ஆளைப் போல. 20 என்றோ 200 என்றோ எழுதலாம். ஏன் 20, ஏன் 21 இல்லை என்று கேட்டால் பதில் இருக்காது. அதை ஏற்கத் தயாரென்றால் அந்தக் கதவு மோசமில்லை.

#18 · நடைபாதை

கணக்குப்பிள்ளையிடம் ஒன்று. உங்கள் உச்சவரம்பு ஆள் 4 படியில் நிற்கிறார். பேரம் பேசுபவன் படிகளைத் தனித்தனியாக விற்காமல் கட்டாக விற்றால்? "ஆயிரம் படி மொத்தமாக, இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது" என்றால்?

#19 · கணக்குப்பிள்ளை

வாங்குவார். போட்டுப் பாருங்கள். கையில் உள்ளது 0.8 × 0.0909 = 0.0727. ஆயிரம் படிக் கட்டு: வாய்ப்பு 29.4%, பயன் ஏறக்குறைய 1, ஆக 0.294. நான்கு மடங்கு லாபம். கட்டு எவ்வளவு பெரிதாக இருந்தால் மறுப்பார்? 0.999-இன் அடுக்கு 11-இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்கும்போது. அது 2,397 படி. அதாவது 2,396 படிக் கட்டை வாங்கி, 80% வாய்ப்பை 7.3% ஆக்கிக்கொள்வார்.

முரண்பாடு என்று தோன்றும், இல்லை. தொடக்கச் சீட்டின் 100 ஆண்டு அவர் கணக்கில் அற்பம். அதிலிருந்து வெளியேற அதிக விலை கொடுக்கிறார். அதே பட்டியலில் 4 படிச் சீட்டும் இருந்தால் 0.7968 × 0.999 = 0.796 என்று அதைத்தான் எடுப்பார், ஆயிரம் படிக் கட்டைத் திரும்பிப் பார்க்க மாட்டார். சார்பு மாறவில்லை, கடையில் வைத்திருக்கும் சரக்குதான் மாறியது. 7.3% உங்களுக்கு அதிகப்படியான துணிச்சலாகத் தெரிந்தால் அடிப்படை எண் 1000 உங்களுடையது அல்ல. 100 என்று போட்டால் தொடக்கச் சீட்டின் பயன் 0.5 ஆகும், கட்டின் உச்சம் 692 படி, வாய்ப்பு ஏறக்குறைய 40%, தனித்தனியாக விற்றால் 3 படி. பேரத்துக்கு உட்காரும் முன் இந்த எண்ணைத்தான் தீர்மானிக்க வேண்டும், படியெண்ணை அல்ல.

#20 · நடைபாதை

100 எனக்குக் குறைவு, 1000 அதிகம். 300 போட்டால்?

#21 · கணக்குப்பிள்ளை

தொடக்கப் பயன் 0.25. தனித்தனியாக 4 படி: ஒரு லட்சம் ஆண்டு என்பது 300-ஐப்போல் 333 மடங்கு, இன்னும் 900-ஐத் தொடவில்லை, ஆகவே நான்காவதையும் ஏறலாம், பத்து லட்சத்தில் நில்லுங்கள். கட்டாக விற்றால் 1,385 படி வரை, அங்கே வாய்ப்பு 20%.